அளவுக்குக் குறைந்தாலும்...

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' - இந்தப் பழமொழி கேட்காத கல்யாணப் பந்தி கிடையாது. மூணாவது ஜாங்கிரிக்கு நம் கை நீளும்போது, பக்கத்து இலைக்காரர் வாயிலிருந்து சரியாக வந்து விழும்.

இதில் 'அளவு' என்றால் எல்லோரும் எடுத்துக்கொள்வது ஒரே அர்த்தம்தான். எவ்வளவு? எத்தனை கிராம், எத்தனை மில்லி, எத்தனை ஜாங்கிரி? ஆனால், தமிழில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. செருப்புக் கடையில் கேட்பார்களே, அந்த அளவு. சைஸ்!

மருந்து விஷயத்தில் நாம் இத்தனை காலமும் முதல் அளவை வைத்துத்தான் வண்டி ஓட்டினோம். டாக்டர் ஐந்நூறு மில்லிகிராம் என்று எழுதினால் ஐந்நூறுதான். ரெண்டாகப் போட்டால் ஆபத்து. இப்போது இரண்டாவது அளவும் கணக்குக்குள் வந்துவிட்டது. அதே பொருள், அதே எடை. ஆனால், பொடிப்பொடியாக, அதைவிடப் பொடியாக அரைத்துவிட்டால் குணமே மாறிப்போகிறது. அதாவது, அமிர்தம் அளவுக்கு மிஞ்சினால் மட்டுமல்ல, அளவுக்குக் குறைந்தாலும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

நானோ துகள்களைப் பற்றித்தான் சொல்கிறேன்.

நானோ என்றதும் பலருக்கு 2008-ல் 'ஒரு லட்ச ரூபாய் கார்' என்று டாடா காட்டிய குட்டி வண்டி ஞாபகம் வரும். அந்த வண்டி தயாரிப்பு நின்று வருடங்கள் ஆகிவிட்டன. பெயர் மட்டும் துணி, பெயின்ட், உரம் என்று எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு மீட்டரை நூறு கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கு, ஒரு நானோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் எண்பதாயிரம் நானோமீட்டர். மருந்து சுமக்கும் நானோ துகள் பெரும்பாலும் நூறு நானோமீட்டர் சொச்சம். எண்ணூறு துகள்களை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு முடியின் அகலம் வரும்.

சரி, சின்னதாக இருந்தால் என்ன குடி முழுகிவிடும்?

ஒரு கற்கண்டுக் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டர். அதன் ஆறு முகங்களின் பரப்பைக் கூட்டினால் 6 சதுர சென்டிமீட்டர். அதே கட்டியை ஒரு நானோமீட்டர் கட்டிகளாக வெட்டிக்கொண்டே போனால் (கத்தி கிடைத்தால்!) எல்லாத் துண்டுகளின் மேற்பரப்பையும் சேர்த்துக் கூட்டும்போது 6,000 சதுர மீட்டர் வரும். சென்னைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், சுமார் 27 கிரவுண்டு. எடையில் ஒரு குண்டுமணி கூடவில்லை. ஆனால், விரலிடுக்கில் இருந்த கட்டி, ஒரு லே-அவுட் போடுகிற நிலமாக விரிந்துவிட்டது. ஒரு பொருள் மற்றொன்றோடு வினை புரிவதெல்லாம் அதன் மேற்பரப்பில்தானே? தொடுகிற இடம் கூடக்கூட, பொருளின் சுபாவம் மாறுகிறது. பாட்டி காலத்திலிருந்து சாதுவாகக் கழுத்தில் கிடக்கிற தங்கம்கூட, நானோ அளவில் நீரில் கலந்திருந்தால் மஞ்சளாக இருக்காது. செக்கச்செவேல் என்று மாணிக்க நிறத்தில் இருக்கும். வேதிவினைகளையும் முடுக்கிவிடும்.

இதை ஏன் உடம்புக்குள் அனுப்ப ஆசைப்படுகிறார்கள்? காரணம் நல்ல காரணம்தான்.

புற்றுநோய் மருந்துகளின் பழைய பிரச்னை, அவற்றுக்கு விலாசம் தெரியாது. நோயுள்ள செல்லையும் அடிக்கும், நல்ல செல்லையும் அடிக்கும். டாக்ஸோரூபிசின் என்று ஒரு சிவப்பு மருந்து. கட்டியைக் கரைப்பதில் கெட்டிக்காரன்; ஆனால், இதயத்தையும் பதம் பார்க்கும். அதனால் ஒருவருக்கு ஆயுள் முழுக்க இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று உச்சவரம்பே வைத்திருக்கிறார்கள். அந்த மருந்தைக் கொழுப்பால் ஆன குட்டிக் குமிழுக்குள் அடைத்து, ரத்தத்தில் நீண்ட நேரம் சுற்றுகிற மாதிரி மேலே ஒரு பூச்சும் பூசினார்கள். அதுதான் 'டாக்ஸில்'. 1995-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதித்தது. நானோ மருந்துகளின் வரிசை அங்கே தொடங்குகிறது. இதயத்துக்கு ஏற்படும் சேதம் குறைந்தது.

ஆனால், புதிதாக ஒன்று வந்தது. சிலருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, வலித்து, தோல் உரிந்தது. பாரம் இறங்கவில்லை, இடம் மாறியது. இதயத்தைக் கொடுப்பதா, உள்ளங்கையைக் கொடுப்பதா என்று கேட்டால் யாரும் யோசிக்கப் போவதில்லை. நியாயமான பண்டமாற்றுதான். ஆனால், அது பண்டமாற்று என்பதை மறக்கக் கூடாது.

நம் ஊருக்கு இன்னும் நெருக்கமான உதாரணம், 2021 மே மாதம். கொரோனா இரண்டாவது அலையோடு கூடவே வந்த கரும்பூஞ்சை நோயை மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது மாநிலம் மாநிலமாகத் தேடி அலைந்த மருந்தின் பெயர் லிப்போசோமல் ஆம்போடெரிசின்-பி. அந்த 'லிப்போசோமல்' என்ற முன்னொட்டுதான் நானோ கொழுப்புக் குமிழ். குமிழ் இல்லாத ஆம்போடெரிசின் 1950-களிலிருந்தே இருக்கிறது, விலையும் குறைவு. ஆனால், பூஞ்சையோடு சேர்த்து சிறுநீரகத்தையும் பிடித்து ஆட்டும். குமிழுக்குள் போட்டால் அந்த ஆட்டம் வெகுவாகக் குறையும். மத்திய அரசு ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை குப்பி என்று பங்கு போட்டுக் கொடுத்த நாட்கள் அவை. 'நானோ மருந்து ஆபத்தா?' என்று அந்த மே மாதத்தில் ஒரு நோயாளியின் மகனிடம் போய்க் கேட்டிருந்தால் அடிக்க வந்திருப்பார். அவருடைய கவலையெல்லாம் அந்தக் குப்பி கிடைக்குமா என்பதுதான்.

ஆக, இதை 'விஞ்ஞானப் பூதம்' என்று பயமுறுத்துகிற கட்டுரையாக நினைத்துவிடாதீர்கள். பயப்படாமல், அதே சமயம் கேள்வி கேட்பதையும் நிறுத்தாமல் இருப்பது எப்படி என்பதுதான் விஷயம்.

முதல் கேள்வி: மருந்து போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகிறதா? 2016-ல் டொரன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் வெளியான ஆய்வுகளை எல்லாம் திரட்டிக் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். ஆய்வு விலங்குகளுக்கு ஏற்றிய நானோ துகள்களில் புற்றுக் கட்டியைச் சென்று அடைந்தது எவ்வளவு தெரியுமா? நடுத்தரமாக 0.7 சதவிகிதம். நூறு தபால் போட்டால் ஒன்றுகூட முழுசாக வீடு வந்து சேரவில்லை!

மீதி எங்கே போகிறது? பெரும்பகுதி கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும். ரத்தத்தில் வேற்று ஆள் எவன் வந்தாலும் பிடித்து உள்ளே போடுவது அங்கே இருக்கிற செல்களின் வேலை. தவிர, துகள் ரத்தத்துக்குள் காலடி வைத்த சில விநாடிகளிலேயே அங்கிருக்கும் புரதங்கள் அதன் மேல் ஒட்டிக்கொள்கின்றன. கல்யாண மண்டப வாசலில் சந்தனம் பூசி, பன்னீர் தெளித்து, மாலையும் போட்டுவிட்டால் உள்ளே வருபவர் யாரென்றே தெரியாது இல்லையா? அந்த மாதிரி. ஆய்வுக்கூடத்தில் நாம் சோதித்த துகள் ஒன்று. உடம்பு சந்திக்கிற துகள் வேறொன்று.

இரண்டாவது கேள்வி: உடம்பு எப்படி வரவேற்கிறது? ரத்தசோகைக்காக ஊசி வழியே ஏற்றும் ஒரு நானோ இரும்பு மருந்து, ஃபெருமாக்ஸிடால். 2009-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அடுத்த ஐந்து வருடங்களில் 79 பேருக்குக் கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டதாகவும், அதில் 18 பேர் இறந்ததாகவும் எஃப்.டி.ஏ-வுக்குத் தகவல் வந்து சேர்ந்தது. 2015-ல் மருந்தின் மேல் கறுப்புக் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டார்கள். மருந்தைத் தடை செய்யவில்லை. வேகமாகச் செலுத்தாதே, குறைந்தது கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு மெதுவாக ஏற்று, அப்புறம் அரை மணி நேரமாவது நோயாளியை உட்காரவைத்துப் பார் என்றார்கள். பெரும்பாலான ஒவ்வாமைகள் ஏற்றும்போதே, அல்லது முடிந்த ஐந்து நிமிடத்துக்குள் வந்தவை என்பதால் இந்த ஏற்பாடு. கொழுப்பு நானோ துகளில் வைத்துக் கொடுத்த அமெரிக்க கொரோனா தடுப்பூசிகளிலும் இதே கதைதான். பத்து லட்சம் டோஸுக்கு ஐந்து பேர் என்ற அளவில் கடும் ஒவ்வாமை. அதற்கும் பரிகாரம், ஊசி போட்ட பிறகு கொஞ்ச நேரம் உட்காரவைப்பது.

உடனே வருகிற ஆபத்துக்கு ஒரு நாற்காலி போதும். இருபது வருடம் கழித்து வருகிற ஆபத்துக்கு எங்கே நாற்காலி போடுவது?

இந்தக் கேள்வியைக் கற்பனையாகக் கேட்கவில்லை. நடந்திருக்கிறது.

1930-களில் எக்ஸ்-ரே டாக்டர்களுக்கு ஒரு வரப்பிரசாதம் கிடைத்தது. பெயர் தோரோட்ராஸ்ட். தோரியம் டை ஆக்ஸைடு என்ற பொருளை மிக நுண்ணிய துகள்களாக்கி நீரில் கலந்த திரவம். துகளின் அளவு சில நானோமீட்டர்தான். 'நானோ' என்ற பேச்சே இல்லாத காலத்தில் மனித ரத்தத்தில் ஏற்றப்பட்ட நானோ துகள் அது. ஊசியில் ஏற்றி எக்ஸ்-ரே எடுத்தால் மூளையின் ரத்தக்குழாய்கள், கல்லீரல், மண்ணீரல் எல்லாம் வரைந்துவைத்த மாதிரி தெரியும். அன்றைக்கு இருந்த மற்ற திரவங்கள் நோயாளிக்கு எரிச்சலையும் வலியையும் கொடுத்தன. இது ஒரு தொந்தரவும் தரவில்லை. நோயாளி எழுந்து, நன்றி சொல்லி, வீட்டுக்கு நடந்து போனார். பல நாடுகளில் லட்சக்கணக்கானவர்களுக்குக் கொடுத்தார்கள். ஜப்பானில் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்கும் கொடுத்தார்கள்.

தோரியம் கதிரியக்கப் பொருள் என்பது அன்றைக்கே தெரியும். எச்சரித்தவர்களும் இருந்தார்கள். 'இவ்வளவு கொஞ்சம் கொடுத்தால் என்ன ஆகிவிடும்?' என்ற வாதம் ஜெயித்தது. முதல் அளவை மட்டும் பார்த்தார்கள். இரண்டாவது அளவைப் பார்க்கவில்லை. சாதாரண உப்பு மாதிரி கரைந்து சிறுநீரில் போயிருந்தால் கதை வேறு. துகள்களாக இருந்ததால் கல்லீரல் அவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டது. வெளியே விடவே இல்லை. உள்ளே உட்கார்ந்து, நாள் தவறாமல், வருடம் தவறாமல் பக்கத்துச் செல்களின் மேல் கதிர்வீச்சு. இருபது, முப்பது வருடங்கள் கழித்து அந்த மனிதர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரத் தொடங்கியது. அதற்குள் ஊசி போட்ட டாக்டர் ஓய்வு பெற்றிருப்பார். போட்டுக்கொண்டவருக்கு அப்படி ஒரு ஊசி போட்டதே மறந்திருக்கும்.

இன்றைய நானோ மருந்துகளில் பெரும்பாலானவை கொழுப்பு, புரதம் போன்ற, உடம்பே கரைத்துக்கொள்ளக் கூடிய சரக்கால் ஆனவை, கதிரியக்கமும் கிடையாது. தோரோட்ராஸ்டையும் இவற்றையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். கரையாத உலோகத் துகள்களைப் பற்றித்தான் கவலை அதிகம். ஆனால், தோரோட்ராஸ்டின் பாடம் கதிரியக்கத்தைப் பற்றியது மட்டுமா? 'ஊசி போட்டதும் ஒன்றும் ஆகவில்லை' என்பதை 'ஒன்றும் ஆகாது' என்று எடுத்துக்கொண்டதே, அதைப் பற்றியதும்தான்.

இந்த இடத்தில் ஒருவர் எழுந்து, "நம்ம சித்தருங்க அந்தக் காலத்துலேயே நானோ பண்ணிட்டாங்க சார்! தங்க பற்பம் என்னவாம்?" என்பார். தங்க பஸ்பத்தைச் சோதித்துப் பார்த்ததில் நானோ அளவுத் தங்கத் துகள்கள் இருந்தது உண்மைதான். பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால், பெருமையோடு அதே கேள்வியும் கூட வரும். உலோகம் உள்ளே போகிறது. எங்கே தங்குகிறது, எப்போது வெளியேறுகிறது? பாஸ்டனில் தயாரானாலும் பழனியில் தயாரானாலும் கல்லீரலுக்குத் தேசபக்தி கிடையாது.

நான் படித்தது பி.காம். உயிரியல் அல்ல, வரவு செலவு. கணக்குப்பதிவியலில் முன்னெச்சரிக்கை மரபு என்று ஒன்றை முதல் வருடமே சொல்லித் தருவார்கள். 'வராத லாபத்தைக் கணக்கில் எழுதாதே. வரக்கூடிய நஷ்டத்துக்கு இன்றைக்கே ஒதுக்கி வை.' அதனால்தான் ஒவ்வொரு கடைக்காரரும் வாரா ஐயக்கடன் ஒதுக்கு என்று ஒரு தொகையைத் தனியே எடுத்து வைக்கிறார். எந்தக் கடன்காரர் கைவிரிப்பார் என்று அவருக்குத் தெரியாது. ஆனால், யாரோ ஒருவர் விரிப்பார் என்று தெரியும்.

புதிய மருந்து விஷயத்தில் உலகம் இந்த மரபைத் தலைகீழாக நடத்துகிறது. கட்டி சுருங்கியது என்ற லாபம் அன்றைக்கே விளம்பரமாகிவிடும். இருபது வருடத்து நஷ்டத்துக்கு மட்டும் ஒதுக்கு கிடையாது.

ஆனால், அதே பாடப் புத்தகத்தில் அடுத்த பக்கமும் ஒன்று உண்டு. முன்னெச்சரிக்கை என்ற பெயரில் நஷ்டத்தை ஊதிக் காட்டி, இருக்கிற லாபத்தை மறைத்து வைத்தால் அதற்குப் பெயர் இரகசியக் காப்பு. அதுவும் பொய்க் கணக்குதான். 'எல்லாம் நூறு சதவிகிதம் நிச்சயமாகட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று 2021-ல் கரும்பூஞ்சை மருந்தை நிறுத்தி வைத்திருந்தால், அந்த எச்சரிக்கையின் விலையை யாரோ ஒருவருடைய சிறுநீரகம் கொடுத்திருக்கும். பயத்துக்கும் பலி உண்டு. அது புள்ளிவிவரத்தில் வராத பலி.

அப்படியானால் ரிஸ்க்கை யார் எடுக்கலாம்? மூன்று பேரை நினைத்துப் பாருங்கள். ஆறு மாதம் தாங்குவாரா என்ற நிலையில் ஒருவர். அவரிடம் இருபது வருடம் கழித்து ஆபத்து என்றால், "அந்த இருபது வருஷத்தைக் குடுங்க சார் மொதல்ல" என்பார். அவர் சொல்வது நியாயம். இரண்டாமவர், மாத்திரையில் சமாளிக்கக் கூடிய நோய் உள்ளவர். அவருக்கு இருக்கிற வழிகளை எல்லாம் சொல்லித்தான் கேட்க வேண்டும். மூன்றாமவர், நோயே இல்லாதவர். முகம் பளபளக்க வேண்டும் என்பதற்காக நானோ க்ரீம் பூசிக்கொள்பவர். மூவருக்கும் துகள் ஒன்றே என்று வைத்துக்கொண்டாலும் தர்மம் ஒன்றல்ல. ஆபத்து எவ்வளவு என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான். எதைக் காப்பாற்ற அந்த ஆபத்து என்பது மீதிப் பாதி.

சம்மதம் என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். நம் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் சம்மதம் எப்படி நடக்கும் என்று தெரியாதா? "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்பவர் நூற்றில் ஒருவர். மற்றவர்கள் கேட்பது, "எங்க சார் கையெழுத்து போடணும்?" நோயாளி உள்ளே படுத்திருப்பார், போடுவது மச்சானாக இருக்கும். தெரிந்த ஆபத்துக்கே இந்த லட்சணம் என்றால், டாக்டருக்கே தெரியாத ஆபத்துக்கு எப்படிச் சம்மதம் வாங்குவது?

ஒரே நேர்மையான வழிதான் எனக்குத் தெரிகிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அதோடு ஒரு வாக்குறுதியும் கொடுக்க வேண்டும்: 'உங்களை நாங்கள் மறக்க மாட்டோம்.'

தோரோட்ராஸ்டின் கெடுதல் உலகத்துக்கு எப்படித் தெரியவந்தது? ஜெர்மனி, டென்மார்க், போர்ச்சுகல், ஜப்பான் போன்ற நாடுகளில் பழைய ஆஸ்பத்திரி ரெஜிஸ்டர்களைத் தேடி எடுத்து, ஊசி போட்டுக்கொண்டவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். ரெஜிஸ்டர் இல்லாத ஊரில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆகவில்லை என்றா அர்த்தம்? எழுதிவைக்கவில்லை என்று அர்த்தம்.

நம் நாட்டிலும் இதற்கு விதைகள் போட்டிருக்கிறார்கள். நானோ மருந்துகளை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று 2019-ல் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை வழிகாட்டி நெறிமுறைகள் வெளியிட்டது. அதே வருடத்துப் புதிய மருந்துகள் விதிகளில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு. சாதாரணமாக ஒரு புது மருந்து நான்கு வருடத்தில் 'புதியது' என்ற பட்டத்தை இழந்துவிடும். ஆனால், மருந்தை உடம்புக்குள் கொண்டுசேர்க்கும் முறையே புதுமையானதாக இருந்தால், அது எப்போதும் புதிய மருந்துதான். அதாவது, 'இதை எனக்கு முழுசாகத் தெரியும்' என்று சொல்ல சட்டமே தயங்குகிறது. நல்ல தயக்கம்.

மருந்தால் வரும் பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய 2010-லிருந்து தேசிய அளவில் ஒரு திட்டமும் இருக்கிறது. டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை, நோயாளியே சொல்லலாம். எத்தனை பேருக்குத் தெரியும்? காஸ் சிலிண்டர் லேட்டானால் எந்த நம்பருக்கு போன் செய்ய வேண்டும் என்று தெரிகிற வீட்டில், மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் யாரிடம் சொல்வது என்று தெரியாது.

நம் பங்குக்குச் செய்யக் கூடியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. டிஸ்சார்ஜ் ஆகும்போது ஏற்றிய மருந்தின் முழுப் பெயர், தேதி, பேட்ச் நம்பர் எல்லாம் உள்ள சீட்டைக் கேட்டு வாங்கி, பத்திரப்படுத்துவது. நிலப் பத்திரம், நகைச் சீட்டு, பிள்ளையின் மார்க் ஷீட் எல்லாம் இருக்கிற அந்த பீரோவில் இதற்கும் ஓர் இடம். இருபது வருடம் கழித்து ஒரு டாக்டர், "முன்னாடி உங்களுக்கு என்ன மருந்து ஏத்தினாங்க?" என்று கேட்டால், நம் பிள்ளைகள் விழிக்காமல் எடுத்து நீட்டலாம்.

துகள் எவ்வளவு சின்னதாக வேண்டுமானாலும் இருக்கட்டும். அதை எழுதிவைக்கிற நோட்டு மட்டும் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருந்தாக வேண்டும்.